கோவிந்தசாமி மேல் கட்டிய பிராது

அன்புக்கரசியைப் பற்றி யாராவது "அவளா, கோவக்காரியாச்சே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தோரு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நான். அவளுடைய கோபத்தைப் பற்றிப் பேச இந்த விருத்தாசலத்தில் யாருக்காவது யோக்கியதை உண்டென்றால் அது எனக்குத்தான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கலாம்.

என் பேர் ஷமீம். வீட்டுக்காரர் சலீம் குவைத்தில் இருக்கிறார். நானும் அன்புக்கரசியும் வேலை செய்வது ஒரு சின்ன செராமிக் கம்பெனி. மொத்தமே இருபத்தெட்டுப் பேர். உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே வெள்ளையாக மினுங்கும் பீஸ் கட்டை இருந்தால் அது எங்கள் கை பட்டதாக இருக்கலாம். கரண்ட்டை அடக்கி வைக்கிற பீங்கான் அது. அதைச் செய்கிறவர்கள் என்ற கர்வம் எங்களுக்கு உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

நாங்கள் கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, போடும் பகுதியில் ஆறு பெண்கள். வேலை என்னவென்றால், காய்ந்த கட்டையை எடுத்து ஈர ஸ்பாஞ்சால் தூசி போகத் துடைக்க வேண்டும். பிறகு பால் மாதிரி இருக்கும் கிளேஸ் தொட்டியில் ஒரே முக்கு. எடுத்துப் பலகையில் அடுக்கினால் சூளைக்குப் போய்விடும். துடைக்காமல் முக்கினால் தூசி இருக்கும் இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் விலகிப் போகும். சூளையிலிருந்து வரும்போது கட்டை இடையிடையே மொட்டையாக இருக்கும். அதை யாரும் வாங்கமாட்டார்கள். குப்பைதான்.

அன்புக்கரசிக்குச் சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர், கர்நாடகத்து மங்களூர் இல்லை. தங்கராசு என்ற லோடு ஆட்டோக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். தங்கராசு வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. இவள் ரெண்டு பேர் பங்கையும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஒருமுறை சேத்தியாத்தோப்பில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இவள் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அதுவரை சரி. குழந்தைக்காரி ஏறி உட்கார்ந்த பிறகும் இவள் நகரவில்லை. கண்டக்டரின் அம்மா, அப்பா, அவர் வாங்கின சம்பளம், போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் இழுத்தாள். கடைசியில் பஸ்ஸில் இருந்தவர்கள் அந்தக் கைக்குழந்தைக்காரி உள்பட கண்டக்டருக்காகப் பரிந்து பேசினார்கள். அவள் விஷயம் எப்போதும் இப்படித்தான். நியாயம் அவள் பக்கம்தான் இருக்கும். அவள் பேசி முடிக்கும்போது எதிராளி பக்கம் போய் நின்றுகொண்டிருக்கும்.

எனக்கும் கோபம் வரும். ஆனால் என் கோபம் குவைத்துக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும். கேட்க அங்கே ஒரு ஆள் இருக்கிறார், திருப்பி அடிக்க முடியாத தூரத்தில்.

இந்த வருஷம் சித்திரையில் தொட்டி பக்கத்திலேயே அவளுக்குத் தலை சுற்றியது. பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் நூற்றி எண்பது. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "கோபம் அதிகமா வருமா?" என்று கேட்டார். "யாருக்கு? எனக்கா? எவன் சொன்னான்?" என்று இவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைதோறும் மனநல ஆலோசகர் வருவார், அவரைப் போய்ப் பார் என்று.

அந்த ஆலோசகர் பேர் செந்தமிழன். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். முதல் நாள் அவர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"கோவம் தப்பு இல்லீங்க. நடந்தது ஒண்ணு, அதப் பத்தி நாம நெனச்சிக்கிறது ஒண்ணு. நம்மள வாட்டுறது நாம நெனச்சிக்கிறதுதான். இத ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க தேசத்து ஞானி ஒருத்தர் சொன்னாரு. அவரு அடிமையா இருந்தவரு. இன்னிக்கு மனோதத்துவ டாக்டருங்களும் அங்கேருந்துதான் ஆரம்பிக்கிறாங்க."

"அடிமையா இருந்தவரா?" என்றாள் அன்புக்கரசி.

"ஆமாங்க."

"அப்ப அவருக்குக் கோவம் வந்தா ஒதைப்பாங்க. வேற வழியில்லாம அடக்கிக்கினாரு. நான் எவனுக்கும் அடிமை இல்ல சார். நான் எதுக்கு அடக்கணும்?"

செந்தமிழன் சிரித்துவிட்டார். "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றார். அதனாலேயே இவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. வாதத்தில் தோற்கத் தெரிந்த ஆண்பிள்ளையை அவள் அதிகம் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். எங்கள் மார்க்கத்தில் ஒரு வழி உண்டு, கோபம் வந்தால் நின்றுகொண்டிருப்பவர் உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்தும் போகவில்லையென்றால் படுத்துவிட வேண்டும், தண்ணீரால் முகம் கை கால் கழுவ வேண்டும். "அடியே, கிளேஸ் தொட்டிப் பக்கத்துல நான் எங்கடி படுக்கறது?" என்றாள். ஆனாலும் மறுநாளிலிருந்து முகம் கழுவ ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போவாள். எங்கள் குழாயடியில் தண்ணீர்ப் பஞ்சமே வந்துவிடும் போலிருந்தது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை செந்தமிழன் வேறு பக்கமிருந்து வந்தார். கிரேக்கம் எடுபடவில்லை என்று தெரிந்துகொண்டாரோ என்னவோ, பக்கத்து மலைகளில் தவம் இருந்த சமணத் துறவிகளைப் பற்றிச் சொன்னார். அவர்கள் கோபத்தை நாலாகப் பிரித்திருக்கிறார்களாம். தண்ணீரில் கிழித்த கோடு மாதிரி ஒரு கோபம், கிழிக்கும்போதே அழிந்துவிடும். மணலில் கிழித்தது ஒன்று, காற்று அடித்தால் போய்விடும். தரையில் விட்ட வெடிப்பு மாதிரி ஒன்று, மழை வரும்வரை இருக்கும். கல்லில் வெட்டினது கடைசி, அது ஆள் சாகும்வரை போகாது.

இவள் சொன்னாள். "எங்க கம்பெனில இன்னொண்ணு இருக்குது சார். ஈரக் கட்டையில கோடு விழுந்தா வெரலால தடவி விட்டுடலாம். அதுவே சூளைக்குப் போயிட்டு வந்துடுச்சின்னா ஒடச்சித்தான் போடணும்."

செந்தமிழன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர், இவள் சொன்னதை எழுதிக்கொள்கிறார்! எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி இவளை ஓட்டினேன்.

அவர் இவளுக்கும் ஒரு நோட்டு கொடுத்தார். ஒவ்வொரு கோபத்துக்கும் மூன்று பத்தி. என்ன நடந்தது, நான் என்ன நினைத்தேன், பிறகு என்னென்ன செய்தேன். இவளுக்கு எழுத்து வேகமாக வராது. நான்தான் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கம்பெனியில் லீவு லெட்டரிலிருந்து பேங்க் பாரம்வரை எல்லாம் என் கைதான்.

இப்படி ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. அப்போதுதான் அது நடந்தது.

சூளை திறந்த அன்று ரெண்டு பலகைக் கட்டைகள் மொட்டை மொட்டையாக வந்து நின்றன. ஒரு பெரிய ஆர்டருக்குப் போக வேண்டிய சரக்கு. முதலாளி கலியமூர்த்தி கீழே இறங்கி வந்தார். சூளையையும் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் கோவிந்தசாமி ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளேஸ் செக்சன்ல தூசி சரியா தொடைக்கல மொதலாளி" என்றார். யார் என்று முதலாளி கேட்டார். "யாருன்னு தெரியல" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. முதலாளி எங்கள் ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் கண் போய் நின்றது வாசுகி மேல்.

வாசுகி வேலைக்கு வந்து ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. புருஷன் கட்டட வேலையில் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். ரெண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். உரக்க ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண். "புதுசா வந்தவ நீதானே, நாளையிலேருந்து வராத" என்றார் முதலாளி. வாசுகி ஸ்பாஞ்சைப் பிழிந்து தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். அழக்கூட இல்லை. அது இன்னும் மோசம்.

அன்புக்கரசியின் கழுத்து நரம்பு புடைத்தது. கிளேஸ் வாளி அவள் காலடியில் இருந்தது. அது கோவிந்தசாமி தலையில் கவிழப் போகிறது என்று நாங்கள் நாலு பேரும் நகர்ந்துகொண்டோம். ஆனால் அவள் நேராகக் குழாயடிக்குப் போனாள். முகம் கழுவினாள். திரும்ப வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் மாலைவரை வேலை செய்தாள். இருபத்தோரு வருஷத்தில் முதல்முறை. அடி சக்கை என்று எனக்குக் கத்தத் தோன்றியது.

"தண்ணிக் கோவமா, மணல் கோவமாடி?" என்று போகும்போது கேட்டேன்.

"கல்லு" என்றாள். "அந்த ஆளு சூளையில சூட்ட கோட்ட விட்டுட்டு பழிய நம்ம மேல போட்டுட்டான். அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சிட்டான். நான் அடிக்கமாட்டேன் ஷமீமு. கத்தவும் மாட்டேன். கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டப்போறேன்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்டவர்கள் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுபோல் சாமிக்கு ஒரு தாளில் புகார் எழுதுவார்கள். பேர், ஊர், யார் மேல் புகார், என்ன செய்தார், எல்லாம் இருக்கும். அதைச் சாமி முன்னால் வைத்து எடுத்து, மடித்து, முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அதுதான் பிராது. தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

எழுதிக்கொடுத்தது நான்தான். எங்கள் மார்க்கத்தில் இது கிடையாது. ஆனால் சிநேகிதி சொல்லச் சொல்ல எழுதுவதை எந்த மார்க்கம் தடுக்கும்? "கோவிந்தசாமி என்பவர் தன் தவறை மறைத்து வாசுகி என்கிற ஏழைப் பெண்ணின் வேலையைப் பறித்துவிட்டார், அவரை விசாரிக்கவும்" என்று என் முத்தான எழுத்தில் எழுதினேன். அவள் கோயிலுக்குள் போய் வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வரும்போது முகம் தெளிவாக இருந்தது. "இனிமே அவரு பாத்துக்குவாரு" என்றாள்.

செந்தமிழன் ஒரு மாசம் லீவில் போயிருந்தார். அவர் திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை இதை அவளே அவரிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் தப்பு என்று சொல்லவில்லை. "கையை ஓங்காம எழுதிக் குடுத்தீங்களே, அதுவே பெரிய விஷயங்க. ஆனா பிராதுல எதிரி செஞ்சது மட்டுந்தானே இருக்கும்? நம்ம நோட்டுல மூணாவது பத்தி இருக்குது. அந்தச் சரக்கு போட்ட நாள்லேருந்து நீங்க என்னென்ன செஞ்சீங்கன்னு எழுதிக்கினு வாங்க" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்தோம். சரக்கு போட்ட நாள் எது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று காலையில்தான் மங்களூரிலிருந்து அவள் தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் அத்தை என்று இவள் பேர் இல்லை. எல்லார் பேரும் இருக்கிறது, தம்பி மச்சினனின் பெரியப்பா பேர்கூட இருக்கிறது, இவள் பேரைக் காணோம். கூடப் பிறந்தவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"எழுதிக்கோ" என்றாள். "என்ன நடந்தது: பத்திரிகையில என் பேரு இல்ல. என்ன நெனச்சேன்: நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டானுவோ. என்ன செஞ்சேன்: தம்பிக்கு போன் போட்டு கத்துனேன். கேட்டு வரைக்கும் கத்திக்கினே வந்தேன். பைய வீசுனேன். உக்காந்தேன். வலது கையால போன காதுல வச்சிக்கினு, இடது கையால கட்டைய எடுத்து முக்குனேன்..."

நிறுத்தினாள். அவள் வலது கை தானாகக் காதுக்குப் போயிருந்தது. அந்தக் கையைப் பார்த்தாள். அதில் ஸ்பாஞ்சு இருந்திருக்க வேண்டும்.

"ஷமீமு. அன்னிக்கு நான் தொடச்சனா?"

என் பேனா நின்றுவிட்டது.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

பொய். யா அல்லா, அப்பட்டமான பொய். அன்று நான் பார்த்தேன். ரெண்டு பலகை நிறைய, துடைக்காத கட்டைகளை அவள் முக்கி முக்கி அடுக்கினதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சூளை திறந்தபோதே எனக்குச் சந்தேகம். பிராது எழுதும்போதும் அது போகவில்லை. அப்படி வெடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், "அன்பு, தொடைக்காம முக்குற" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

அவள் நோட்டை மூடினாள். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. உள்ளுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். முதலாளியிடம் போய்ச் சொன்னால் வேலை போகும். நாற்பத்தாறு வயசில், பிரஷர் மாத்திரையோடு, யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் வாசுகி வீட்டில் அடுப்பு எரியாது.

நாலாவது நாள் கோவிந்தசாமி வேலைக்கு வரவில்லை. ஸ்கூட்டி சறுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது என்றார்கள்.

அன்புக்கரசி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "ஐயையோ ஷமீமு, பிராது வேலை செய்ய ஆரம்பிச்சிட்டுது! தப்பு பண்ணவ நான், அடி வாங்குனது அந்த மனுஷன். வா, இப்பவே போவணும்."

ஆலடி ரோட்டில் அவர் வீடு. போனபோது கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயசு, மெலிந்த மனுஷன். அவர் சம்சாரம் டீ போட உள்ளே போனார்கள். இவள் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, ஒங்க மேல பிராது கட்டிட்டேன்."

அவர் தூளியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "அதான பாத்தேன். மண்ணுல சறுக்குனேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"சிரிக்காதீங்கண்ணே. தொடைக்காம முக்குனது நான். என் ரெண்டு பலகைதான் அது."

"தெரியும்மா" என்றார் கோவிந்தசாமி.

"தெரியுமா?"

"எந்தப் பலக எந்தத் தட்டுல ஏறுச்சின்னு எனக்குத் தெரியாதா? மொட்டையா வந்தது பூரா ஒன்னோட பலகதான்."

"தெரிஞ்சிக்கினு ஏன் சொல்லல?" அவள் குரல் சட்டென்று ஏறியது. ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?"

கோவிந்தசாமி நாற்காலியில் பின்னால் ஒடுங்கிப்போனார். நல்ல கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. அடிபட்ட தோளும் சேர்ந்து அசைந்திருக்க வேண்டும், வலியில் முனகினார்.

 உள்ளே பால் பொங்கும் சத்தம்தான் கேட்டது. அவர் மெதுவாகக் கையை இறக்கினார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

"இதுக்குத்தாம்மா சொல்லல" என்றார். "ஒன்னப் பாத்தா எனக்கு பயம். எனக்கு மட்டுமில்ல. பேரச் சொன்னா நீ அங்கயே என்னா பண்ணுவியோன்னு பொதுவா சொன்னேன். அந்தப் பொண்ண நிறுத்துவாருன்னு நெனைக்கல. நிறுத்துன அப்புறமாவது சொல்லியிருக்கணும். அதுக்கும் பயந்தேன். தப்பு எம்மேலயும் இருக்குது."

அன்புக்கரசி என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"நீயுமா பயந்த? இருவத்தோரு வருஷம் கழிச்சியுமா?"

"ஆமாண்டி" என்றேன். அழுதுவிட்டேன். "உன்கிட்ட எனக்கு உசுரு. ஆனா பயம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  வெளியே வந்து நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் அநியாயத்த தட்டிக் கேக்கறவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். என்கிட்ட நியாயத்த சொல்லவே ஆளில்லாம பண்ணி வச்சிருக்கிறேன்" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை மணவாளநல்லூருக்குப் போனோம். காரியம் முடிந்துவிட்டதா என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, "இல்லீங்க. எழுதினதே தப்பு. எதிரிய மாத்தி எழுதிட்டேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். நான் எழுதிக்கொடுத்த தாளை, தன் தப்பையும் சொல்லி, வாபஸ் வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன், முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு ஆர்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவள் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"மொதலாளி, அன்னிக்கு மொட்டையா வந்த சரக்கு என்னுது. நான் தொடைக்கல. வீட்டு கோவத்த வேலையில காட்டிட்டேன். வாசுகி மேல தப்பு இல்ல. அந்தப் பொண்ண திரும்பக் கூப்புடுங்க. என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க."

கலியமூர்த்தி வாயைப் பிளந்துவிட்டார். பிறகு ரத்தம் தலைக்கு ஏறியது. "இருவத்தோரு வருஷம் வேல செஞ்சவ! இத்தன நாள் வாய மூடிக்கினு இருந்தியா? கை சுத்தமில்லாத கழுதைங்களா வந்து சேந்திருக்குதுங்க எனக்கு!"

கழுத்து நரம்பு புடைத்தது. நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தோம். ரெண்டு பேர் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். அவள் மூச்சை இழுத்து விட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு பேசினாள். அவ்வளவு மெதுவான குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. முதலாளி காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"என்னை திட்டுங்க மொதலாளி. தப்பு பண்ணேன், வாங்கிக்கறேன். வாசுகியோட சேத்து எங்க செக்சன்ல மத்த அஞ்சு பேரும் உங்களுக்கு ஒரு கட்டைய பாழ் பண்ணதில்ல. அவங்கள கழுதைன்னு சொன்னத நீங்க திரும்ப எடுத்துக்கணும்."

கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அன்றோடு அவள் கதை முடிந்திருக்கும். மெதுவாகக் கேட்டவளிடம் எப்படிக் கத்துவது? மேஜை மேல் இருந்த கட்டையை எடுத்தார், வைத்தார். "சரி, அவங்கள சொன்னது தப்புதான்" என்றார் கடைசியில். "வாசுகிய வரச் சொல்லு. நீ பதினஞ்சி நாளு வூட்டுல இரு. சம்பளம் கிடையாது. அப்புறம் வா."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.  நான் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். கோபத்தை விழுங்கிவிட்டாள் என்று சிலர் அன்று பேசிக்கொண்டார்களாம். விழுங்கினவள் அப்படிக் கேட்கமாட்டாள். அவள் கோபம் அங்கேதான் இருந்தது. முதல்முறையாக அவள் சொன்ன வேலையை மட்டும் செய்தது.

"வாசுகி வூட்டுக்குப் போவலாம்" என்றாள். ஆளை அனுப்பிச் சொல்லலாமே என்றேன். "நான்தான் சொல்லணும்" என்றாள்.

வாசுகி வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்றாள். அன்புக்கரசி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கட்டை என்னுது, பழி உனக்கு, இன்னிக்கு முதலாளிகிட்ட சொல்லிட்டேன், நாளையிலேருந்து வேலைக்கு வா.

வாசுகி கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். பிறகு அந்தத் துணியைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"நாப்பது நாளுக்கா! நாப்பது நாளு! புள்ளைங்க ரெண்டும் மதியம் ஸ்கூலு சாப்பாட்ட வச்சிக்கினு பொழுத ஓட்டுச்சிங்க. இவரு மாத்திரைய பாதியா ஒடச்சி குடுத்தேன். கை சுத்தமில்லாதவன்னு கடத்தெருவுல என்னைச் சொல்லிக் காட்டுனாங்க. வேற கம்பெனிக்குப் போனா அங்கயும் அதே பேச்சு. நீங்க பெரியவங்க, ஒங்களுக்கு கோவம் வந்தா ஊரே அடங்கிக்கணும். எனக்கு வந்தா நான் எங்க போயி கொட்டறது? சொல்லுங்க!"

தெருவில் கதவுகள் திறந்தன. உரக்க ஒரு வார்த்தை பேசத் தெரியாத வாசுகியா இது என்று நான் மலைத்துப் போனேன். அவள் நிறுத்தவில்லை. அன்புக்கரசியை நீ என்றாள், வா போ என்றாள், நான் இங்கே எழுத முடியாத ரெண்டு வார்த்தையும் சொன்னாள். நான் பொறுக்கமாட்டாமல் நடுவில் புகப் போனேன். அன்புக்கரசி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டாள்.

ஒரு கட்டத்தில் வாசுகிக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினாள். தான் பேசினதைக் கேட்டுத் தானே பயந்துவிட்டவள்போல் ஒரு அடி பின்னால் போனாள்.

"பயப்படாத" என்றாள் அன்புக்கரசி. "நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். இன்னும் இருக்குதா வாசுகி? இருந்தா சொல்லிடு. மனசுல வச்சிக்காத. நான் நிக்கறேன்."

வாசுகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்குது" என்றாள். மறுபடி ஆரம்பித்தாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. அன்புக்கரசி தலையைக் குனியவில்லை, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, வாசுகியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணீர் வழிந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி, "யாரும்மா அது, இவ்ளோ பேச்சு வாங்கிக்கினு நிக்குது?" என்று என்னிடம் கேட்டாள்.

"என் சிநேகிதி" என்றேன். அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.